‘பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்

எய்யா,

போன ஞாயிற்றுக்கிழமை பட்டான்செருவுக்கு வந்தவள் மாடிக்கு வராமல் உன் கிளினிக் பெஞ்சிலேயே ஏன் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று அப்பாவிடம் கேட்டாயாம். வேவு பார்க்க வந்தேனா என்று சிரித்தாயாம். வேவுதான், வேறென்ன. பெற்ற மகன் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து எப்படிப் பேசுகிறான், எதற்குத் தலையாட்டுகிறான், எந்த நேரத்தில் பேனாவை எடுக்கிறான் என்று பார்க்க எந்தத் தாய்க்குத்தான் ஆசை இருக்காது? எனக்கு எதையும் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளாவிட்டால் மண்டை குடையும் என்பது உனக்குத் தெரியாததா. நீ சின்னப் பிள்ளையில் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டதற்கு அப்பா திட்டினார். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து எந்தப் பல் எதைச் சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்த ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். நீலச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். ஏதோ கெமிக்கல் கம்பெனியில் ஷிப்டு வேலை போலிருக்கிறது, சட்டையில் அந்த வாடை இருந்தது. தனக்கு ஒன்றுமில்லை, வீட்டில் மனைவிக்குப் போன மாதம் கொடுத்த மாத்திரையே வேண்டும் என்றார். நீ நிமிர்ந்து பார்த்து, "எலா உந்தி ஆமெக்கி?" என்று தெலுங்கில் அவளுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாய். அவர், "பர்வாலேது சார்", பரவாயில்லை என்றார். நீ எழுதிக் கொடுத்தாய். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான். யார் கண்ணுக்கும் அதில் ஒரு குற்றமும் தெரியாது. ஆனால் அவர் சொன்ன அந்தப் ‘பர்வாலேது’ இருக்கிறதே, அதே குரலில், அதே மாதிரி தலையைக் கொஞ்சம் குனிந்து சொன்னதை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்குச் சொன்னவர் உன் அப்பா.

பிறகு மாடிக்கு வந்தேன். மருமகள் கௌரி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து காபி போட்டாள். உதட்டில் ரத்தமே இல்லை. சாப்பிடும்போது நான் கேட்டதற்கு, "அது கொஞ்சம் ஹார்மோன் ப்ராப்ளம் மா, மாசாமாசம் அதிகமா போகுது. நானே டேப்லெட் குடுத்திருக்கேன், இப்ப பரவாயில்லன்றா" என்றாய். எய்யா, கௌரியை நீ வைத்துக்கொண்டு பார்க்காதே, பெண்களுக்கென்றே படித்த ஒரு டாக்டரிடம் அனுப்பு. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இத்தனை சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய கடிதமா என்று நினைப்பாய். நேரில் சொன்னால், "எனக்குத் தெரியாதா மா" என்று இரண்டு வார்த்தையில் என்னை உட்கார வைத்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாதல்லவா, அந்தத் தைரியம்தான்.

உனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது நாம் செகந்திராபாத் பக்கம் தார்நாகாவில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குக் கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடைக்கவில்லை. கம்பெனி டிஸ்பென்சரிக்கு ரெண்டு பஸ் மாற வேண்டும். அதனால் நமக்கு எல்லாம் மெயின் ரோட்டு டாக்டர்தான். உனக்கு அவரை நினைவிருக்கும், ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போடாமல் சட்டைப் பையில் சுருட்டி வைத்திருப்பார். ஊரிலிருந்து யார் வந்தாலும் அவரிடம்தான் கூட்டிப் போவோம். உன் பெரியப்பாவின் சர்க்கரையைக் கண்டுபிடித்தவர் அவர். உனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது தினம் வேலை முடிந்து போகிற வழியில் வீட்டுக்கு வந்து உன் கண்ணைப் பார்த்துவிட்டுப் போனார். அப்படிப்பட்டவரை விட்டு வேறு டாக்டரிடம் போவது, பெண் கொடுத்த வீட்டோடு பேச்சை முறித்துக்கொள்வது போல. அவராகச் சொன்னாலொழிய யாரும் போக மாட்டார்கள்.

அந்த நாட்களில்தான் எனக்கு உதிரப்போக்கு அதிகமாயிற்று. இதை மகனிடம் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ டாக்டர், உனக்கு இது சளி இருமல் போல. அப்போது நம் வீடுகளில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது, யாரும் எழுதி வைக்காத வழக்கம். பொம்பளை சமாச்சாரம் என்றால் வீட்டுக்காரர் உள்ளே போய் டாக்டரிடம் சொல்வார். மனைவி வெளியே பெஞ்சில் இருப்பாள். டாக்டர் கூப்பிட்டால் போய் நாடியைக் காட்டிவிட்டு வரலாம். அப்பா உள்ளே போவார், என்ன சொல்வாரோ தெரியாது, காதெல்லாம் சிவந்து வெளியே வருவார். கம்பவுண்டர் இரும்புச் சத்து டானிக்கை ஊற்றித் தருவார். சில மாதங்களில் ஓர் ஊசியும் உண்டு. அடுத்த மாதம் டாக்டர் அப்பாவிடம் கேட்பார், எப்படி இருக்கிறது என்று. அப்பா ‘பர்வாலேது’ என்பார். மறுபடியும் அதே டானிக். இப்படியே போயிற்று, மாதம் மாதமாக, பிறகு வருஷக் கணக்கில்.

ஆனால் எனக்குப் பரவாயில்லை என்று சொல்லும்படி இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. சோற்றை இறக்கும்போது கை நடுங்கியது. கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, சினிமாவுக்கு எங்கேயும் போவதில்லை என்று ஆகிவிட்டது. பஸ்ஸில் உட்காரப் பயம், எழுந்திருக்க அதைவிடப் பயம். உன் அப்பாவுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். அந்த நாட்களில் சமையல் அவர்தான். அவர் வைத்த ரசத்தைக் குடித்து வளர்ந்தவன் நீ. அப்புறம் ஏன் டாக்டரிடம் பரவாயில்லை என்றார்? பிற்பாடு ஒருநாள் நேராகவே கேட்டேன். அவர் சொன்ன பதில் இதுதான்: "மனுசன் அவ்வளவு ஆசையா ‘வீட்ல எப்படி இருக்காங்க’ன்னு கேக்காரு. அவரு மூஞ்சிக்கு நேரா, உம்ம மருந்து கேக்கலன்னு எப்படிச் சொல்லச் சொல்லுத?"

உன் அப்பா கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவர் என்பதை யோசித்துப் பார். இரும்பு வார்ப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் சிவப்பு பெயிண்டைப் பூசித் திருப்பி அனுப்பிவிடுவார். பெரிய ஆபீசர் வந்து கெஞ்சினாலும் கையெழுத்துப் போட மாட்டார். அந்த மனுஷனுக்கு ஒரு டாக்டரிடம் உங்கள் டானிக் உதவவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இரும்புக்கு ஒரு நியாயம், மனுஷனுக்கு ஒரு நியாயம். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. ரொம்ப நாள் இருந்தது. ஆனால் கோபத்தைவிட ஆச்சரியம் பெரிதாக இருந்தது. இவ்வளவு நல்ல இரண்டு பேர் ஒருவரை ஒருவர் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டே, நடுவில் ஒருத்தியைச் சாகக் கொடுத்துவிட முடியுமா என்று.

ஒரு மாதம் அப்பா வேலையாகப் பெங்களூர் போயிருந்தார். டானிக் தீர்ந்துவிட்டது. கம்பவுண்டரிடம் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நானே போனேன். போனால் கம்பவுண்டர் லீவு. வேறு வழியில்லாமல் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் வழக்கம் போல, எப்படி இருக்கிறீர்கள் அம்மா என்று தெலுங்கில் கேட்டார். சிரிக்காதே, நானும் ‘பர்வாலேது’ என்றுதான் சொன்னேன். வாய் தானாகச் சொல்லிற்று. அவர் பாட்டிலை எடுக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து என் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு வேறு மாதிரிக் கேட்டார். தூக்கத்தில் எழுந்து துணி மாற்ற வேண்டியிருக்கிறதா? கட்டி கட்டியாகப் போகிறதா? அந்த நாட்களில் வீட்டை விட்டு வெளியே போகிறீர்களா?

இந்த இடத்தில்தான், எய்யா, நான் இன்றைக்கும் நின்று யோசிப்பது. எப்படி இருக்கிறது என்று கேட்டால் பரவாயில்லை என்று சொல்லலாம். தூக்கத்தில் எழுந்திருக்கிறாயா என்று கேட்டால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஆமாம் என்றோ இல்லை என்றோதான் சொல்ல வேண்டும். நான் ஆமாம் என்றேன். அடுத்ததற்கும் ஆமாம் என்றேன். கடைசிக் கேள்விக்கு அழுதுவிட்டேன். இத்தனை காலமாக அந்த மூன்று கேள்வியை யாரும் கேட்கவில்லை என்று அழுதேனா, கேட்டுவிட்டார்களே என்று அழுதேனா, எனக்கே தெரியவில்லை. உங்கள் படிப்பில் இதையெல்லாம் சொல்லித் தருகிறார்களா? எந்தக் கேள்விக்கு மனுஷர் மரியாதைக்காகப் பதில் சொல்வார்கள், எதற்கு உண்மையைச் சொல்வார்கள் என்று? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அவர் டானிக் கொடுக்கவில்லை. செகந்திராபாத்தில் பெண்கள் ஆஸ்பத்திரி வைத்திருந்த ஒரு அம்மாவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, அப்பா வரும்வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே போங்கள் என்றார். நான் பக்கத்து வீட்டம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். அந்த டாக்டரம்மா பழைய நகரத்துக்காரர், உருது பேசுகிறவர், வெற்றிலை போட்ட வாய். என்னைப் படுக்க வைத்து வயிற்றில் கை வைத்ததுமே உச்சுக்கொட்டினார். "கைக்கு இத்தா தேர் கரே அம்மா?" என்றார். ஏன் இத்தனை தாமதம் செய்தாய் என்று என்னைக் கேட்கிறார். கர்ப்பப்பையில் கட்டி, ஒன்றல்ல, பல. புற்று இல்லை, உயிருக்குப் பயமில்லை, ஆனால் உடம்பில் ரத்தமே இல்லை; ரத்தம் ஏற்றிவிட்டு ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். "டரோ நக்கோ", பயப்படாதே என்று கன்னத்தைத் தட்டினார்.

அப்பா தந்தி கிடைத்து ஓடி வந்தார். நான் டாக்டரம்மாவிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன்: கட்டியை மட்டும் எடுக்க முடியாதா? எனக்கு இன்னொரு குழந்தை வேண்டும். பெண் குழந்தை. பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன், அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அந்த அம்மா பொய் சொல்லத் தெரியாதவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் முயற்சி செய்து பார்த்திருப்பேன், இப்போது கட்டிக்கு நடுவில் பை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது என்றார். முழுவதையும் எடுத்தார்கள். நினைவு வந்ததும் அதைப் பார்க்க வேண்டும் என்றேன். நர்ஸ் பயந்துவிட்டாள். டாக்டரம்மா சந்தோஷமாகத் தட்டில் கொண்டுவந்து காட்டினார். இத்தனை வருஷத்தில் எந்தப் பொம்பளையும் பார்க்க வேண்டும் என்று கேட்டதில்லையாம். உரித்த சின்னத் தேங்காய் அளவு இருந்தது. இதைத்தான் நாம் டானிக் ஊற்றி வளர்த்தோமா என்று நினைத்தேன். உனக்குத் தங்கை இல்லாமல் போன கதை இதுதான். உடம்பு தேறிவிட்டது, அந்த வருத்தம் மட்டும் தேறவில்லை, இன்றைக்கும் இருக்கிறது.

உனக்கு மெடிக்கல் சீட் கிடைத்தபோது லட்டு எடுத்துக்கொண்டு நான் மட்டும் அந்த மெயின் ரோட்டு டாக்டரைப் பார்க்கப் போனேன். எல்லோரும் ஆசீர்வாதம் வாங்கப் போனதாக நினைத்தார்கள். நான் போனது கேள்வி கேட்க. சண்டைக்கு இல்லை, எனக்கு அந்தக் கணக்கு புரிய வேண்டும், அவ்வளவுதான். ஏன் என்னை முன்னாலேயே அனுப்பவில்லை என்றேன். வயதான மனுஷர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சந்தேகம் இருந்தது அம்மா என்றார். மாதா மாதம் இந்த முறை அனுப்பிவிடலாம் என்று நினைப்பாராம். உன் அப்பா வந்து பரவாயில்லை என்றதும் சந்தேகம் படுத்துவிடுமாம். "பாகுந்தி அண்ட்டே ஏ டாக்டர்கி சேதம்மா?" என்றார். நன்றாயிருக்கிறது என்றால் எந்த டாக்டருக்குக் கசக்கும் என்று அர்த்தம். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். வேறு டாக்டரிடம் போ என்றால், இவர் நம்மைக் கை கழுவிவிட்டார் என்று நோயாளிகள் நினைத்துக்கொள்வார்களோ என்று பயமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரை விட்டுப் போனால் அவர் என்ன நினைப்பாரோ என்று நாங்கள் பயந்தோம், அனுப்பினால் நாங்கள் என்ன நினைப்போமோ என்று அவர் பயந்தார். கடைசியில் அவர் திருப்பிக் கேட்டார், நீங்கள் ஏன் அம்மா ஒருநாள்கூட உள்ளே வரவில்லை என்று. லட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது நீ சொல்லு. உன்னிடம் வந்த அந்த நீலச் சட்டைக்காரர் மனைவியை நீ ஒருநாளாவது கண்ணால் பார்த்தாயா? மாத்திரை சரியான மாத்திரையாகவே இருக்கலாம். ஆனால் யாருக்குக் கொடுக்கிறாய்? அந்தப் பெண்ணுக்கா, அவர் சொல்கிற கதைக்கா? அடுத்த தடவை வந்தால் மனைவியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிப் பார். வேலைக்குப் போகும் மனுஷன், அலுத்துக்கொள்வான். அலுத்துக்கொள்ளட்டும். அந்தப் பெண்ணோடு கொஞ்சம் பேசிவிட்டு, உன் கைக்கு மீறிய விஷயம் என்று தோன்றினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடு. உன்னை யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். அந்தப் பழைய டாக்டரை நான் மதிக்க ஆரம்பித்ததே அவர் எனக்குச் சீட்டு எழுதிக் கொடுத்த நாளிலிருந்துதான்.

கௌரி விஷயத்துக்கு வருகிறேன். அவளைக் கேட்காமல் நான் ஒன்றும் எழுதவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ சாயங்காலம் மறுபடியும் கிளினிக்குக்கு இறங்கிப் போனதும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி இருக்கே என்று கேட்காமல், அந்த டாக்டர் என்னைக் கேட்ட மாதிரியே கேட்டேன்.

"தூக்கத்துல எந்திரிச்சு மாத்த வேண்டியிருக்காம்மா?"

என்னைப் பார்த்தாள். "ஹவ் அத்தை" என்றாள். செகந்திராபாத்தில் வளர்ந்த பிள்ளை, மனசு கலங்கினால் அவளுக்கு ஆமாம் வராது, அந்த ‘ஹவ்’தான் வரும்.

"கட்டியாப் போகுதா?"

"ஹவ்."

"மாத்திரை சாப்பிட்டப்புறம் குறைஞ்சிருக்கா?"

தலையை ஆட்டினாள், இல்லை என்று. ஏன் அவனிடம் சொல்லவில்லை என்றேன். முந்தானையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

"எப்படிச் சொல்றது அத்தை? தினம் புக்கெல்லாம் எடுத்துப் பாத்து, எனக்குன்னு யோசிச்சு எழுதறாங்க. காலைல எந்திரிச்ச உடனே மூஞ்சியைப் பாத்து இப்ப எப்படி இருக்கும்பாங்க. கிளினிக் போட்டு இன்னும் ஒரு வருஷம் ஆகல. வீட்ல இருக்கவளுக்கே கேக்கலன்னா மனசு விட்டுப்போகாதா?"

நான் அவனுக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதுங்கள் என்றாள். "ஆனா அவங்க மருந்து சரியில்லன்னு மட்டும் எழுதாதீங்க அத்தை."

எழுதவில்லை. எனக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும். கௌரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது; ஒரு குழந்தைக்கு அவள் எவ்வளவு ஆசைப்படுகிறாள் என்பதும் உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இன்றைக்கு ஸ்கேன் வந்திருக்கிறது, எனக்கு இல்லாத வசதியெல்லாம் அவளுக்கு இருக்கிறது. ஒன்றுமில்லை என்றுகூட அவர்கள் சொல்லலாம். அப்படியானால் நான் உன் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்தே எல்லோருக்கும் லட்டு கொடுக்கிறேன். ஆனால் அவளிடம் போய், உண்மையாகச் சொல், எப்படி இருக்கிறது என்று கேட்காதே. உன் முகத்தைப் பார்த்தால் அவளால் பரவாயில்லை என்றுதான் சொல்ல முடியும். உன் மேல் அவ்வளவு பிரியம் வைத்திருக்கிறாள். அந்தப் பிரியத்தால்தான் அவளுக்குக் கெடுதல் வந்துவிடுமோ என்று நான் பயப்படுகிறேன்.

இதற்கு நீ பதில் எழுதுவாய் என்று தெரியும். கௌரி இப்போது நன்றாக இருக்கிறாள் என்று எனக்கு எழுதாதே. எந்த டாக்டரிடம், எந்தக் கிழமை அழைத்துக்கொண்டு போகிறாய் என்று எழுது.

அம்மா